கேட்காத பார்சல்

“அந்தப் புள்ள துன்ன தட்டுல நீ துன்னுவியாடி?”

கண்ணகி அக்கா இப்படிக் கேட்டபோது நான் தேங்காய் துருவிக்கொண்டிருந்தேன். யார் எது கேட்டாலும் எனக்குச் சட்டென்று பதில் வராது. அக்காவும் பதிலை எதிர்பார்க்கவில்லை. வடகறியைக் கிளறிக்கொண்டே ரோட்டைப் பார்த்தாள். ரோட்டில் தீனதயாளன் போய்க்கொண்டிருந்தான். அவன் விரலில் ஒரு பார்சல் தொங்கியது. அக்கா கட்டிக்கொடுத்த இட்லியும் வடகறியும். அவன் பார்சல் கேட்கவே இல்லை. வழக்கம்போல ஓரத்து பெஞ்சில் வந்து உட்கார்ந்து தட்டுக்குத்தான் கை நீட்டினான்.

“உனக்குப் பார்சல் கட்டிட்டேன்பா” என்றாள் அக்கா.

அவன் அக்காவைப் பார்த்தான். பெஞ்சில் இருந்த மற்றவர்களைப் பார்த்தான். எல்லோரும் இலையைப் பார்த்துச் சாப்பிட்டார்கள். பார்சலை வாங்கிக்கொண்டு எழுந்து போய்விட்டான். மாவு மூட்டையை இறக்கிக்கொண்டிருந்த பார்த்திபனும் இதைப் பார்த்தான். பார்த்திபன் அக்காவின் மகன். தீனதயாளனின் கூட்டாளி. அவன் மூட்டையைச் சுவரோரம் சாய்த்துவிட்டு வண்டியை எடுத்துக்கொண்டு போனான்.

புதுப்பட்டினத்தில், பெரிய ரோட்டிலிருந்து கல்பாக்கத்துக்குத் திரும்பும் முனையில் அக்காவின் டிபன் கடை இருக்கிறது. மேலே தகர ஷீட்டு, மூன்று பெஞ்சு, இரண்டு அடுப்பு. கடைக்குப் பின்னாலேயே வீடு. நடுவில் ஒரு தகரத் தடுப்புதான். விடிந்ததும் அணுமின் பிளாண்டுக்குப் போகிற பஸ்கள் வரிசையாக வந்து நிற்கும். சைக்கிளில் வருகிறவர்கள் கழுத்தில் அடையாள அட்டையை மாட்டியபடியே இறங்குவார்கள். பஸ்ஸுக்குள் இருப்பவர்கள் ஜன்னல் வழியாகக் கை காட்டுவார்கள். இட்லி, பூரி, பொங்கல், பருப்பு வடை, வடகறி. சட்னி அரைப்பதும் தட்டு கழுவுவதும் என் வேலை.

தட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும். மற்ற கடைகளில் தட்டின் மேல் பிளாஸ்டிக் பேப்பரைப் போட்டு இட்லி வைப்பார்கள். சாப்பிட்டதும் பேப்பரை உருவிப் போட்டுவிட்டு அதே தட்டில் அடுத்த ஆளுக்கு அடுத்த பேப்பர். அக்காவுக்கு அது பிடிக்காது. எல்லாம் எவர்சில்வர் தட்டு. ஒவ்வொன்றின் விளிம்பிலும் ‘து. கண்ணகி’ என்று பேர் வெட்டியிருக்கும். துரை அவள் வீட்டுக்காரர். சோப்புப் போட்டு, கொதிக்கிற தண்ணீரில் அலசி, துணியால் துடைத்து, மேலே வாழையிலைத் துண்டு போட்டுத்தான் கொடுப்பாள். “என் கடத் தட்டுல மூஞ்சி பாத்து பவுடரு போடலாம்” என்பாள். அப்படிப்பட்டவள்தான் அன்றைக்கு ஒருவன் கேட்காமலே பார்சல் கட்டினாள்.

அதற்குக் காரணம் அதற்கு முந்தின வாரம் ஊருக்குள் பரவிய சேதி. தீனதயாளன் மாமல்லபுரம் பக்கத்தில் ஒரு ரிசார்ட்டில் பைப்பு வேலை, மோட்டார் வேலை பார்க்கிறான். அங்கே ரத்ததான முகாம் நடந்தபோது எல்லோரையும் போல அவனும் கையை நீட்டினான். பிறகு ஆஸ்பத்திரிக்கு வரச்சொல்லிக் கூப்பிட்டார்கள். மறுபடியும் டெஸ்ட் எடுத்தார்கள். எச்.ஐ.வி. இருக்கிறது என்று தனியாக உட்காரவைத்துச் சொன்னார்கள். மாத்திரை கொடுத்தார்கள். ஆஸ்பத்திரியில் யாரும் யாரிடமும் சொல்லவில்லை. அவனே தன் இரண்டு கூட்டாளிகளிடம் மட்டும் சொன்னான். ஒருவன் பார்த்திபன். இன்னொருவன் பெஞ்சமின்.

பெஞ்சமின் திருக்கழுக்குன்றத்துக்கு ஷேர் ஆட்டோ ஓட்டுகிறான். வாயை மூடினால் அவன் வண்டி நகராது என்று ஸ்டாண்டில் சொல்வார்கள். “குன்றம் குன்றம் குன்றம், ஏறு ஏறு, ஜன்னலோர சீட்டு, காத்து ஃப்ரீ” என்று அவன் கூவுவது எங்கள் கடை அடுப்படி வரை கேட்கும். அவன் கெட்டவன் இல்லை. மனசு தாங்காமல் முன்சீட்டில் உட்கார்ந்திருந்த ஒரே ஒரு தெரிந்த ஆளிடம் சொன்னான். சேதி திருக்கழுக்குன்றம் வரை ஆட்டோவில் போய், திரும்பி பஸ்ஸில் வந்துவிட்டது.

மூன்று பேருக்கும் இடது முழங்கையில் ஒரே மாதிரி பச்சை இருக்கும். மாசி மகத்தன்று மாமல்லபுரம் கடற்கரையில் இருந்த கூட்டத்தில், மிஷின் வைத்துக் குத்துகிறவன் ஒருவனிடம் மூன்று பேரும் வரிசையில் நின்று தேள் குத்திக்கொண்டார்கள்.

“தேளு குத்துடான்னா எறாலக் குத்தி வுட்டுட்டான்” என்று அக்கா அப்போது சிரித்தாள். உண்மையிலேயே அது இறால் மாதிரிதான் இருந்தது.

“கொடுக்கு கீது பாரும்மா” என்று பெஞ்சமின் கையைத் திருப்பிக் காட்டினான்.

“கொடுக்கா அது? மீசடா. கொழம்பு வச்சிடலாம் போல கீது.”

அந்தச் சிரிப்பெல்லாம் தீனதயாளன் சேதி வந்தபிறகு நின்றுவிட்டது. மூன்று கைக்கும் ஒரே ஊசி. அந்த ஊசியாலா, வேறு எதனாலா என்று தீனதயாளனுக்கே தெரியாது. ஆனால் பார்த்திபன் தன் கையையே பார்த்துக்கொண்டிருக்க ஆரம்பித்தான்.

பார்த்திபன் குட்டியானை ஓட்டுகிறான். ரிசார்ட்டுகளுக்கும் ஆபீஸுகளுக்கும் தண்ணீர் கேன் போடுகிற வண்டி. கேனைத் தோளில் தூக்கி மாடி ஏறுவான், இறங்கும்போது பாட்டுப் பாடுவான். அந்தப் பார்சலுக்குப் பிறகு பாட்டு நின்றது. முழுக்கைச் சட்டை போட ஆரம்பித்தான். தனி சோப்பு, தனி துண்டு. தனி பாட்டிலில் தண்ணீர் குடித்தான். காலையில் கடைக்கு வந்து, “பார்சல் கட்டு, வண்டில துன்னுக்கறேன்” என்பான். முதலில் அவசரம் என்று நினைத்தோம். பிறகு வீட்டிலும் அப்படியே கேட்டான்.

“எவளோ மாட்டிகினா” என்றாள் அக்கா என்னிடம். “லவ்வு வந்தாத்தான் புள்ளைங்க இப்பிடி பேயறஞ்சாப்புல திரியும். நீ எதனா பாத்தியாடி?”

இல்லை என்று தலையாட்டினேன். ஆனால் நான் கேட்டது ஒன்று உண்டு. கடைக்குப் பின்னால் குழாயடியில் தட்டுக் கழுவிக்கொண்டிருந்தேன். சுவருக்கு அந்தப் பக்கம் பார்த்திபனும் பெஞ்சமினும் நின்றிருந்தார்கள்.

“ஒரு டெஸ்ட்டு எடுத்துடலாம் மச்சான்” என்றான் பார்த்திபன். “ஃப்ரீயாம். தீனா சொன்னான். கவர்மெண்ட் ஆஸ்பத்திரில தனி ரூமு கீதாம்.”

“தனி ரூமுதான். அந்த ரூமு எங்க கீதுன்னு பாத்தியா? மருந்து வாங்குற க்யூவுக்கு நேரா எதுர்ல. உள்ள பூந்து வெளிய வரதுக்குள்ள ஊர்ல கீற அத்தன கண்ணும் உன் முதுகுல.”

“இங்க வாணாம். செங்கல்பட்டு பெரிய ஆஸ்பத்திரிக்குப் போலாம். அங்க நம்மள யாருக்குத் தெரியும்?”

“என்னை எல்லாருக்கும் தெரியும்டா. பாதி செங்கல்பட்டு என் ஆட்டோல ஏறி எறங்கிகீது. எங்க சித்தி வேற ஏதோ ஆஸ்பத்திரில ஆயா வேலைக்குச் சேந்துகீறாங்க. எந்த ஆஸ்பத்திரின்னு கேக்கறதுக்கே பயமா கீது.”

பார்த்திபன் சிரித்திருப்பான் போல. பெஞ்சமின் குரல் தாழ்ந்தது.

“மச்சான், எனக்குத் தை மாசம் கல்யாணம் வைக்கப் பேசிகினு கீறாங்க. சர்ச்சுல பேர் படிக்கணும். இப்பப் போயி அந்த ரூமுக்குள்ள நொழஞ்சேன்னு வையி, ரிசல்ட்டு இன்னா வந்தா இன்னா, பொண்ணு வூட்ல முடிஞ்சிது. தெரியாத வரைக்கும் நமக்கு ஒண்ணும் இல்ல. கம்னு வுடு.”

“தீனாவும் அப்பிடியே வுட்டிருந்தா இன்னா ஆயிருக்கும்?”

“இப்ப தெரிஞ்சிதான் இன்னா ஆச்சு? உங்கம்மா பார்சல் கட்டிக் குடுத்தாங்க.”

நான் கழுவின தட்டையே மறுபடி கழுவிக்கொண்டிருந்தேன்.

ஐப்பசி மழை ஆரம்பித்த பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை. பிளாண்டு பஸ் வராத நாள், கடை அரை நாள்தான். அக்கா சதுரங்கப்பட்டினத்திலிருந்து சங்கரா மீன் வாங்கிவந்து குழம்பு வைத்திருந்தாள். மாங்காய் போட்ட குழம்பு. துரை அண்ணன் லுங்கியோடு கீழே உட்கார்ந்திருந்தார். அவர் பிளாண்டுக்குள் கான்ட்ராக்டில் சாரம் கட்டுகிறவர். நான் தடுப்புக்கு இந்தப் பக்கம் மறுநாளுக்கு வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தேன்.

“எனக்குப் பார்சல் கட்டிக் குடு” என்று பார்த்திபன் குரல் கேட்டது.

“வூட்டுக்குள்ள குந்திகினு பார்சல் கேக்குறான் பாரு. உங்கம்மா இன்னா ஓட்டலா வச்சிருக்கா?”

“ஓட்டலுதான வச்சிருக்க” என்றார் துரை அண்ணன்.

“நீ சும்மா கெட. தட்டுல துன்னா இன்னாடா உனக்கு?”

“தட்டு வாணாம்.”

“அதான் ஏன்?”

“தீனாவுக்கு நீ தட்டு குடுத்தியா?”

தடுப்புக்கு அந்தப் பக்கம் கரண்டி சத்தம் நின்றது.

“தீனாவுக்கும் உனக்கும் இன்னாடா?” அக்காவின் குரல் மாறியிருந்தது.

“மூணு பேருக்கும் ஒரே ஊசிம்மா. பச்ச குத்துனவன் கழுவக்கூட இல்ல, துணில தொடச்சுட்டுக் குத்துனான். தீனாவுக்கு வந்திச்சுன்னா எனக்கும் வந்திருக்கலாம். அதான் இப்பயே பார்சல்ல பழகிக்கறேன். அப்பால நீயா கட்டிக் குடுக்கறப்ப எனக்குக் கஷ்டமா இருக்காது பாரு.”

அக்கா அழுவாள் என்று நினைத்தேன். அழவில்லை. அடுப்பை அணைக்கிற சத்தம் கேட்டது.

“இத்தன நாளா டெஸ்ட்டுக்குப் போவாம இருந்தது அதுக்குத்தானா? நான் கட்டிக் குடுத்த ஒரு பார்சலுக்கா?”

பார்த்திபன் பாட்டில் மூடியைத் திருகுகிற சத்தம் கேட்டது.

“பெஞ்சில நாலு பேரு மொறச்சாங்கடா. கடைக்கு வரமாட்டாங்களோன்னு பயந்துட்டேன். நான் செஞ்சது தப்பு. தீனா மொகத்தப் பாத்ததுமே தப்புன்னு தெரிஞ்சிச்சு. கட்டுன கையி, அவுக்கத் தெரியல.” கொஞ்ச நேரம் கழித்து, “நீ நாளைக்கே போ. போயி ரத்தத்தக் குடு. இன்னா வந்தாலும் இங்கதான் வரணும். இன்னா வந்தாலும் இந்த வூட்ல உனக்குத் தட்டுதான்” என்றாள்.

“இப்ப சொல்லுவ.”

“இப்பவும் சொல்லுவேன், அப்பவும் சொல்லுவேன்.”

துரை அண்ணன் அதுவரை குழம்பையே பார்த்திருந்திருப்பார். “ஒரு டெஸ்ட்டுக்கு இவ்ளோ பேஜாரா?” என்றார். “நான் தினம் ரேடியேஷன் பாக்குற மெஷின்ல கையி காலு வச்சிட்டுத்தான் வெளிய வரேன். பச்ச லைட்டு எரிஞ்சா வூடு. எவனாச்சும் ‘துரை ஏன் மெஷின்ல கை வச்சான்’னு கேக்குறானா? எல்லாரும்தான் வைக்கிறான், ஆபீஸரும் வைக்கிறான்.”

“அது வேற நைனா.”

“இன்னா வேற? எனக்கு வெளங்கல” என்றார் அவர். உண்மையாகவே அவருக்கு விளங்கவில்லை. அன்றைக்கும் பார்த்திபன் பார்சல்தான் சாப்பிட்டான்.

மறுநாள் பார்த்திபன் பெஞ்சமினின் ஆட்டோவிலேயே திருக்கழுக்குன்றம் போய் அங்கிருந்து செங்கல்பட்டுக்கு பஸ் ஏறினான். பெஞ்சமின் கூட வரமாட்டேன் என்றுவிட்டான். “நான் உன்ன பஸ் ஏத்தி வுடறேன் மச்சான். அது வரைக்கும்தான் என் பர்மிட்டு” என்றானாம்.

ஆஸ்பத்திரியில் நடந்ததைப் பார்த்திபன் பிறகு பலமுறை சொல்லியிருக்கிறான். எங்கே என்று கேட்க வெட்கப்பட்டு மூன்று கட்டடம் சுற்றினானாம். கடைசியில் ‘நம்பிக்கை மையம்’ என்ற போர்டைப் பார்த்து, செல்போனில் பேசுவது மாதிரி பாவனை பண்ணிக்கொண்டே உள்ளே நுழைந்தானாம். உள்ளே ஆலோசனை சொல்கிற சுஜாதா மேடம் உட்காரச் சொன்னார். எதிரில் மர ஸ்டூல் இல்லை, அவர் உட்கார்ந்திருந்த மாதிரியே நாற்காலி. அதை அவன் ஒவ்வொரு முறையும் சொல்வான்.

“எதுக்காக வந்தீங்கன்னு துருவித் துருவிக் கேக்க மாட்டேன். பயமா இருக்கா?” என்று கேட்டார்.

“எனக்கு இல்ல மேடம். எங்கம்மாவ நெனச்சாதான் பயம்.”

“அம்மா திட்டுவாங்களா?”

“இல்ல மேடம். பார்சல் கட்டுவாங்க.”

அவருக்குப் புரிந்திருக்காது. ஆனாலும் சிரிக்கவில்லை. அவன் பச்சை குத்திய கதையைச் சொன்னதும், இத்தனை மாதம் ஆகிவிட்டதால் இப்போது எடுத்தால் தெளிவாகவே தெரிந்துவிடும் என்றார். ரத்தம் எடுத்தார்கள். வெளியே உட்கார்ந்திருந்தான். திரும்பக் கூப்பிட்டார்கள். மேடம் ஒரு வார்த்தை சொன்னார். அதைக் கேட்டதும் அவனுக்குக் காது அடைத்துவிட்டது. அவர் மேலே என்னவோ சொல்லிக்கொண்டிருக்கும்போதே எழுந்து வெளியே வந்து, போனை அணைத்துவிட்டு, கிடைத்த பஸ்ஸில் ஏறிவிட்டான்.

மத்தியானம் கடை ஓய்ந்து நான் பெஞ்சைத் துடைத்துக்கொண்டிருந்தேன். நல்ல மழை. பார்த்திபன் ஷீட்டுக்கு வெளியே, தண்ணீர் கொட்டுகிற இடத்திலேயே நின்றான். உள்ளே வரவில்லை.

“உள்ள வாடா, நனையிற” என்றாள் அக்கா.

“ரியாக்டிவ்மா.”

“இன்னாது?”

“ரியாக்டிவாம். எனக்கும்தான்.”

அக்கா கையிலிருந்த துணியை வைத்தாள். காலை ஷிப்ட் முடிந்து வந்து கட்டிலில் படுத்திருந்த துரை அண்ணன் தடுப்பைத் தாண்டி ஓடிவந்தார்.

“இன்னா சொன்னான்? ரியாக்டரா?”

“ரியாக்டிவ், நைனா.”

“அதான! அதான சொல்றேன்!” அவர் தலையில் அடித்துக்கொண்டார். “என்னாலதான்டா வந்திச்சு. நான்தான் கொண்டாந்து ஒட்டி வுட்டுட்டேன். மெஷினு என்னிக்கும் பச்சதான காட்டுச்சு, எனக்குள்ள எங்க ஒளிஞ்சிகினு இருந்திச்சோ! கண்ணகி, புள்ள மேல ஒரு தப்பும் இல்ல. அவன ஒரு வார்த்த சொல்லாத. எல்லாம் என் வேல!”

யாரும் அவரைத் திருத்தவில்லை. அக்கா மழையில் இறங்கிப் போய் மகன் கையைப் பிடித்து உள்ளே இழுத்து வந்தாள். முந்தானையால் தலையைத் துவட்டினாள். பெஞ்சில் உட்காரவைத்தாள். பிறகு தட்டு அடுக்கிலிருந்து ஒரு தட்டை எடுத்தாள். இலை போடவில்லை. வெறும் தட்டில் சோறு போட்டு, முந்தின நாள் குழம்பை ஊற்றி, மீனை முள் எடுத்து, பிசைந்து உருட்டி அவன் வாயருகே கொண்டுபோனாள்.

“வாணாம்மா.”

“தொற வாய.”

அவன் ஒரு வாய் வாங்கினான். அடுத்த உருண்டையை அக்கா தன் வாயில் போட்டுக்கொண்டாள். அதற்கடுத்தது அவனுக்கு. பார்த்திபனுக்குக் கண்ணிலும் மூக்கிலும் தண்ணீர் வந்தது. துரை அண்ணன் கையைக்கூடக் கழுவாமல் எதிரில் உட்கார்ந்து அதே தட்டில் கையை வைத்தார். “உப்பு கம்மி” என்றார். அவரும் அழுதுகொண்டுதான் இருந்தார்.

அப்போது வாசலில் ஆட்டோ வந்து நின்றது. ரிசல்ட்டு கேட்க வந்த பெஞ்சமின், ஷீட்டுக்குக் கீழே வந்து ஒரே தட்டில் மூன்று பேர் சாப்பிடுவதைப் பார்த்து அப்படியே நின்றான்.

“ரியாக்டிவ் மச்சான்” என்றான் பார்த்திபன்.

பெஞ்சமினுக்குப் பேச்சு வராமல் அன்றைக்குத்தான் பார்த்தேன். அக்கா அவனைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள். எதுவும் கேட்கவில்லை. நான் துணியைக் கீழே வைத்துவிட்டுப் போய் அந்தத் தட்டிலிருந்து ஒரு வாய் எடுத்துச் சாப்பிட்டேன். அண்ணன் சொன்னது சரிதான், உப்பு கம்மி.

“அந்த மேடத்துக்குப் போன் போடு” என்றாள் அக்கா.

“எதுக்கும்மா?”

“மாத்திர என்னிக்கு வாங்கணும், துன்றதுக்கு முன்னாடியா பின்னாடியா, எல்லாம் நான் கேக்கணும். நீ சொன்னா பாதி முழுங்கிடுவ. போடு.”

போனை உயிர்ப்பித்ததுமே மணி அடித்தது. அவர்தான். பார்த்திபன் ஸ்பீக்கரில் போட்டான்.

“பார்த்திபன்! எங்க போயிட்டீங்க? பேசி முடிக்கறதுக்குள்ள எந்திரிச்சு ஓடினா எப்படி? எத்தன தடவ கூப்பிடறேன். பக்கத்துல யாராவது இருந்தா கொஞ்சம் தனியா வந்து பேசுங்க.”

“எல்லாரும் கீறாங்க மேடம். எங்கம்மா, எங்க நைனா, ஃப்ரெண்டு, கடைல கீற பொண்ணு. ஒரே தட்டுல துன்னுகினு கீறோம். நீங்க சொல்லுங்க, கேக்கட்டும்.” அவன் அதைச் சொன்ன விதம் எனக்கு மறக்காது. கழுத்து நிமிர்ந்திருந்தது.

“சரி. நான் உங்ககிட்ட என்ன சொன்னேன், சொல்லுங்க பாப்போம்.”

“ரியாக்டிவ்னு சொன்னீங்க.”

“அது மட்டுமா? முழுசா சொல்லுங்க.”

“ ‘நான் ரியாக்டிவ்’னு சொன்னீங்க மேடம்.”

“கரெக்ட். நான் ரியாக்டிவ்.”

“ஆமா மேடம். நான் ரியாக்டிவ்.”

அந்தப் பக்கம் நெற்றியில் தட்டிக்கொள்கிற சத்தம் கேட்டது.

“ஐயோ கடவுளே” என்றார் சுஜாதா மேடம். “அது நம்ம ‘நான்’ இல்லப்பா! இங்கிலீஷ் நான்! நான்வெஜ் ஓட்டல்னு போர்டு பாத்ததில்லயா? அதுக்கு அர்த்தம் என்ன, ‘நான் வெஜ்’ஜுன்னா? வெஜ் இல்லன்னுதானே? அதே மாதிரி ரியாக்டிவ் இல்லன்னு அர்த்தம். உங்களுக்கு எச்.ஐ.வி. இல்ல. ஒண்ணும் இல்ல. கேக்குதா?”

மழை கொட்டிக்கொண்டிருந்தது.

“அப்ப ரியாக்டரு?” என்றார் துரை அண்ணன்.

அக்காவுக்குத்தான் முதலில் சிரிப்பு வந்தது. குழம்புக் கையாலேயே மகன் முதுகில் ஓங்கி ஒன்று வைத்தாள். “பாவி! தண்டமா பத்தாவது வரைக்கும் படிக்க வச்சேனே! நான்வெஜ் ஓட்டலுக்கெல்லாம் தண்ணி கேனு போட்டு என்னடா பிரயோஜனம்!” அடித்த கையாலேயே அவன் தலையை இழுத்துத் தன் வயிற்றோடு அணைத்துக்கொண்டாள். அவன் சட்டை முதுகில் ஐந்து விரலும் மஞ்சளாகப் பதிந்திருந்தது.

சிரிப்பு அடங்கியதும் அக்கா போனைப் பிடுங்கினாள்.

“மேடம், வச்சிடாதீங்க. மாத்திரயப் பத்திச் சொல்லுங்க.”

“அதான் உங்க பையனுக்கு ஒண்ணும் இல்லையேம்மா.”

“என் புள்ளைக்கு இல்ல. இன்னொரு புள்ள கீறான். மாத்திர துன்னுகினு கீறான். அவன் என் கடைல இன்னா துன்னலாம், இன்னா துன்னக் கூடாது?”

“யாருன்னு நான் கேக்க மாட்டேன், நீங்களும் சொல்லாதீங்க. மாத்திரைய விடாம போட்டா மத்தவங்க மாதிரி நல்லா இருக்கலாம், வேலைக்குப் போகலாம், கல்யாணம் பண்ணலாம். எல்லாம் சாப்பிடலாம். தட்டுல, டம்ளர்ல, கூட உக்காந்து சாப்பிடறதுல ஒட்டாதும்மா.”

“தட்டுல ஒட்டாதுன்னு இப்ப எனக்குத் தெரியும் மேடம்” என்றாள் அக்கா. “தெரியறதுக்கு முன்னாடியே துன்னுட்டேன்.”

சாயங்காலமே பார்த்திபனைத் தீனதயாளனிடம் அனுப்பினாள். தீனதயாளன் முதலில் வரமாட்டேன் என்றானாம். மறுநாள் காலையில் வந்தான். மழை விட்டு நல்ல வெயில். பஸ்கள் வரிசையாக நின்றன, பெஞ்சு நிறைய ஆள். அவன் கடைக்கு வெளியிலேயே தயங்கி நின்றான்.

“இன்னாடா, வெத்தல பாக்கு வச்சு அழைக்கணுமா? குந்து” என்றாள் அக்கா. ஓரத்து பெஞ்சு இல்லை, நடு பெஞ்சில் இடம் காட்டினாள். நான் கழுவித் துடைத்த தட்டைக் கொண்டுபோய் வைத்தேன். அதில் இட்லியையும் வடகறியையும் அக்கா தன் கையால் வைத்தாள்.

“அன்னிக்குக் கேக்காம கட்டிட்டேன்டா” என்றாள். மெதுவாகச் சொல்லவில்லை. பெஞ்சில் இருந்த எல்லோருக்கும் கேட்டது.

தீனதயாளன் இட்லியைப் பிட்டான். “வடகறி நல்லாத்தாம்மா இருந்திச்சு. வழியிலயே ஒழுகிடுச்சு, அதான் வருத்தம்.” நடுவில் ஒட்டிப்போயிருந்த அவன் கன்னம் பழையபடி சதை போட்டிருந்தது. “இன்னும் ரெண்டு வையி.”

பக்கத்தில் உட்கார்ந்திருந்த பாலசுப்ரமணியன் எங்கள் பழைய கஸ்டமர், பிளாண்டில் கான்ட்ராக்ட் சூப்பர்வைசர். பாதி சாப்பிட்ட தட்டைத் தள்ளி வைத்துவிட்டு எழுந்தார். “எனக்கு ரெண்டு பூரி பார்சல் கட்டிடும்மா. டைம் ஆயிடுச்சு” என்றார். பஸ் கிளம்ப நேரம் இருந்தது.

அக்கா பூரியை எடுத்து, கிழங்கு வைத்து, நிதானமாக நூல் சுற்றினாள்.

“கேட்டா கட்டிக் குடுப்பேன் சார், அதுக்குத்தான் கட கீது. கேக்காதவங்களுக்குக் கட்ட மாட்டேன். அவங்களுக்குத் தட்டு.” பார்சலை அவர் கையில் கொடுத்தாள். “நாளைக்கு வாங்க சார். உங்களுக்கும் தட்டு இருக்கும்.”

அவர் போனார். பின்னாலேயே இன்னொருவர் போவார் என்று பார்த்தேன். யாரும் போகவில்லை. கடைசி பெஞ்சில் இருந்த ஒருவர், “அக்கா, எனக்கும் வடகறி” என்று தட்டை நீட்டினார். பார்த்திபன் அரைக்கைச் சட்டையில் வந்து தீனதயாளன் பக்கத்தில் நெருக்கி உட்கார்ந்தான். இரண்டு இறாலும் பக்கத்துப் பக்கத்தில் இருந்தன. தன் பங்கு வரும்வரை பொறுக்காமல் பார்த்திபன் அவன் தட்டிலிருந்தே ஒரு விள்ளல் எடுத்து வாயில் போட்டுக்கொண்டான். அக்கா அடுப்புக்கு முன்னால் தலை நிமிர்ந்து நின்ற நிற்பை அன்றைக்கு ரோட்டில் போன பஸ்ஸெல்லாம் பார்த்திருக்கும்.

பெஞ்சமின் கம்பத்தில் சாய்ந்தபடி டீ குடித்துக்கொண்டிருந்தான். தீனதயாளனைப் பார்த்தான், தட்டைப் பார்த்தான், அக்காவைப் பார்த்தான். முழுக்கைச் சட்டைக்கு மேலேயே தன் இடது கையைத் தேய்த்துவிட்டுக்கொண்டான். பாதி டீயோடு கிளாஸைத் திட்டில் வைத்தான்.

“டேய், எங்கடா?” என்றான் பார்த்திபன்.

பெஞ்சமின் திரும்பிப் பார்க்கவில்லை. போய் ஆட்டோவில் உட்கார்ந்தான். “குன்றம் போவுமா தம்பி?” என்று கூடையோடு ஓர் அம்மா ஓடிவந்தாள். ஸ்டாண்டில் நான்கு பேர் கை காட்டினார்கள். அவன் கூவவில்லை, நிறுத்தவில்லை, ஒருவரையும் ஏற்றவில்லை. காலி ஆட்டோ முனையில் திரும்பி, செங்கல்பட்டு ரோட்டில் போயிற்று.